இது யார் சொன்னது?

எங்கள் யூனிட்டில் அவருக்கு 'வியாக்கியானம்' என்று பெயர். காதுபடவே சொல்வார்கள். "வியாக்கியானம் இன்னிக்கு லீவா?" என்று சூப்பர்வைசர் கேட்பார். அவரும் மறுநாள் வந்து லீவுக்குக் காரணம் சொல்லிவிட்டுத் தன் மேசைக்குப் போவார். எனக்குத்தான் சங்கடமாக இருக்கும். ஒருமுறை அதை அவரிடம் சொன்னபோது, "நல்ல வார்த்ததானே. வெளக்கம்னு அர்த்தம்" என்றார். கேலி என்பதே அவருக்கு உறைக்கவில்லையா, உறைத்தும் விட்டுவிட்டாரா என்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை.

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் எங்களுடையது சின்ன யூனிட். மின்சார ப்யூஸுக்கான கட்டைகள், கொலு பொம்மைகள், ஆர்டர் வந்தால் பெயரோ படமோ போட்ட தட்டுகள். நான் பேக்கிங், அவர் செக்கிங். சூளையிலிருந்து ஆறி வருகிற சாமானை ஒவ்வொன்றாக எடுத்து, விரல்முட்டியால் ஒரு தட்டு தட்டிக் காதுக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்பார். கீறல் விட்டிருந்தால் ஓசை மந்தமாக வரும், தனியே எடுத்து வைத்துவிடுவார். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இடது கால் சூம்பிப்போய் ஒரு பக்கம் சாய்ந்துதான் நடப்பார். நான் அக்கா என்று கூப்பிடுவேன். நாங்கள் இருவரும் ஒரே சர்ச்சுக்குப் போகிறவர்கள். எங்கள் சபையில் போதகரை ஐயர் என்பது வழக்கம்.

மத்தியானம் சாப்பாட்டுக்கு உட்காரும்போது, பொம்மைக்கு வண்ணம் தீட்டுகிற பெண் ஒருத்தி தன் போனில் காலையில் வந்த வேத வசனத்தை எல்லோருக்கும் வாசித்துக் காட்டுவாள். நல்ல வசனமாகத்தான் இருக்கும். அக்கா கையில் பிசைந்த சோற்றோடு நிமிர்ந்து, "இது யாரு சொன்னது?" என்பார்.

"பைபிள்ல இருக்குதுக்கா."

"பைபிள்ல பிசாசு பேசறதும் இருக்குது. இது யாரு சொன்னது, யாருகிட்ட சொன்னது?"

அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. அக்காவும் உடனே பதில் சொல்லிவிட மாட்டார். வீட்டுக்குப் போய் உரைகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இரண்டு மூன்று நாள் கழித்து, எல்லோரும் அந்த வசனத்தையே மறந்துபோன பிறகு, சாப்பாட்டு நேரத்தில் ஆரம்பிப்பார். யாரும் கேட்க மாட்டார்கள். அவர் பாட்டுக்குச் சொல்லி முடிப்பார். கொஞ்ச நாளில் அந்தப் பெண் வேறு பக்கம் போய் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாள்.

அந்த உரைப் புத்தகங்கள் அவருக்கு வந்தது ஒரு பழைய ஐயரிடமிருந்து. அவர் ஓய்வு பெற்று மெட்ராஸில் மகன் வீட்டுக்குப் போகும்போது, அங்கே வைக்க இடமில்லை என்று யாருக்காவது கொடுத்துவிட நினைத்திருக்கிறார். கேட்டவர் இவர் ஒருவர்தான். ஷேர் ஆட்டோவில் இரண்டு நடையாகக் கொண்டுவந்தாராம். தமிழில் ஒரு வரிசை, அதில் நடுவே ஒரு பாகம் இல்லை. மீதியெல்லாம் இங்கிலீஷ். ஒன்றில் யூத குருமார்கள் எழுதிய உரைகளை இங்கிலீஷில் போட்டிருந்தார்கள். பக்கத்தின் நடுவில் இரண்டே வரி வசனம் இருக்கும், சுற்றிலும் எறும்பு மொய்த்தாற்போல உரை. அக்கா பன்னிரண்டாவதோடு படிப்பை நிறுத்தியவர். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு பக்கத்தை ஒரு வாரம் படிப்பார். எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் ஓரத்தில் களிமண் படிந்த விரல் தடம் வெள்ளையாக இருக்கும். எவ்வளவு கழுவினாலும் எங்கள் கையிலிருந்து அந்த மண் முழுசாகப் போவதில்லை.

அந்த யூத உரை அவருக்கு ரொம்பப் பிடிக்கும். ஒரு நாள் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக் காட்டினார். "பாரு, இவரு ஒண்ணு சொல்றாரு. இவருக்கு நூறு வருஷம் கழிச்சு வந்தவரு அது தப்புங்கறாரு. அப்புறம் வந்தவரு ரெண்டு பேரும் தப்புங்கறாரு. மூணையும் ஒரே பக்கத்துல போட்டு வெச்சிருக்காங்க. இத்தன காலமா சண்ட போடறாங்க, ஒருத்தரயும் வெளிய தள்ளல." அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு ஏக்கம் இருந்தது. அப்போது எனக்கு அது புரியவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் சர்ச்சில் பெண்களுக்கு வேத வகுப்பு நடத்தினார். முதலில் இருபது பேர் வந்தோம். அவர் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான். ஒரு வசனம் பிடித்திருந்தால் அந்த அதிகாரம் முழுவதையும் படிக்க வேண்டும், பேசுவது யாரென்று பார்க்க வேண்டும், பிறகு தெரிந்தவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். ஒரு சனிக்கிழமை, புருஷனைப் பறிகொடுத்த ஒரு பெண், ஞானஸ்நானம் வாங்காமல் போய்விட்டாரே, அவரைப் பரலோகத்தில் பார்ப்பேனா என்று கேட்டாள். பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார் அக்கா. இரண்டு வாரம் கழித்து வந்து, "நாலு பேரு நாலு விதமா சொல்றாங்கம்மா. எனக்குத் தெரியல" என்றார். அவள் அழுதுகொண்டே எழுந்து போனாள். ஊரில் வேறொரு ஜெபவீட்டில் நிச்சயம் பார்ப்பாய் என்று சொல்லியிருக்கிறார்கள், அங்கேயே சேர்ந்துவிட்டாள். நான் அக்காவிடம் கோபித்துக்கொண்டேன். ஒரு வார்த்தை ஆறுதலாகச் சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும் என்று கேட்டேன். "ஆறுதல்தான். ஆனா எனக்குத் தெரியாதத தெரிஞ்சாப்புல சொல்ல வாய் வரலியே" என்றார். இருபது பேர் ஆறு பேர் ஆனோம்.

அவருடைய கால் விஷயத்தையும் ஒரு சனிக்கிழமைதான் சொன்னார். யாரோ கேட்டதற்குப் பதிலாக, வேறு எதையோ சொல்வதுபோலச் சொன்னார். நாலு வயதில் காய்ச்சல் வந்து கால் விழுந்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுத்துக் கம்பி வைத்த செருப்பு போடலாம் என்றிருக்கிறார்கள். அவர் அம்மாவுக்கு ஊழியக்காரர் ஒருவர் ஒரு வசனம் எழுதிக் கொடுத்தாராம், முடவன் மானைப்போலக் குதிப்பான் என்கிற பொருளில். அம்மா அந்தச் சீட்டைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு எட்டு வருஷம் காத்திருந்தார். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகவில்லை. "அது சிறைபிடிச்சுட்டுப் போன சனங்க ஊரு திரும்பறதப் பத்திச் சொன்னதுன்னுதான் உரைக்காரங்க நெறையப் பேரு எழுதியிருக்காங்க. என் காலுக்குச் சொன்னது இல்ல" என்றார். அம்மாமேல் கோபமாக இருந்ததாகத் தெரியவில்லை. அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

இனி என் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். அதைச் சொல்லாமல் அவரைப் பற்றிச் சொல்ல முடியாது.

வெளியூர் சபை ஒன்று ஆண்டு விழாவுக்காக வசனத் தட்டுகள் ஆர்டர் கொடுத்தது. பைபிளில், எல்லாவற்றையும் இழந்து தவிக்கிற யோபுவின் சரித்திரத்தில் வருகிற வசனம் அது. தொடக்கம் அற்பமாக இருந்தாலும் முடிவு நிறைவாக இருக்கும் என்று பொருள். புதுக்கடை திறந்தால், கல்யாணம் நடந்தால், எங்கள் ஆட்கள் சுவரில் முதலில் மாட்டுவது அதைத்தான். தட்டுகள் சூளையிலிருந்து வந்ததும் அக்கா முதலாளியிடம் போய், இந்த வசனத்தைச் சொன்னவன் யோபுவின் சிநேகிதன், அவன் பேசியது தப்பு என்று கடவுளே பின்னால் கோபித்துக்கொள்கிறார், அந்தச் சபைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடலாமா என்று கேட்டார். முதலாளிக்கு யோபுவும் தெரியாது, சிநேகிதனும் தெரியாது. எழுத்துப் பிழை இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். இல்லை என்றதும் பேக்கிங்குக்கு அனுப்பச் சொல்லிவிட்டார்.

ஓரத்தில் நிறம் பரவியிருந்த தட்டு ஒன்றை நான் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். முதலாளியிடம் அக்கா பேசியது எனக்கு அப்போது தெரியாது. நான் அன்று லோடு ஏற்றப் போயிருந்தேன். என் மகன் அதைக் கூடத்துச் சுவரில் மாட்டினான். ஒரே பிள்ளை. டிப்ளமோ இரண்டாம் வருஷம். அக்கா அப்போது எங்கள் வீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தார். தட்டைப் பார்த்தார், வசனத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த தை மாதம், கம்மாபுரத்தில் சிநேகிதன் வீட்டு விசேஷத்துக்கு வண்டியில் போனவன் திரும்பும்போது, பொழுது சாய்கிற நேரத்தில், விளக்கில்லாமல் ரோட்டோரம் நின்றிருந்த கரும்பு டிராக்டரில் மோதினான். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவில்லை.

அந்த நாட்களைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. ஆனால் வந்தவர்கள் எல்லோரும் பேசினார்கள். கடவுளுக்குப் பிரியமானவர்களை அவர் சீக்கிரம் எடுத்துக்கொள்வார் என்றார்கள். எல்லாம் நன்மைக்கே என்றார்கள். வெளியே போய், பையன் பீர் குடித்திருந்தானாமே என்றும் பேசிக்கொண்டார்கள். அது என் காதுக்கும் வந்தது. அக்கா ஒருவர்தான் ஒன்றும் பேசவில்லை. முதல் ஏழு நாளும் வந்தார். வேலைக்கு லீவு போட்டுவிட்டுக் காலையில் வந்து, எனக்கு எதிரில் தரையில் அந்தக் காலை நீட்டி உட்கார்ந்து, இருட்டும்வரை இருந்துவிட்டுப் போவார். ஒரு வார்த்தை கிடையாது. ஜெபம்கூடச் செய்யவில்லை. என் நாத்தனார், "மரம் மாதிரி உக்காந்திருக்குது, இதுக்கு எதுக்கு வரணும்?" என்று அடுப்படியில் சொன்னாள். எனக்கும் அப்போது அப்படித்தான் தோன்றியது.

ஒரு மாதம் கழித்து, வீட்டில் யாரும் இல்லாத ஒரு மத்தியானம், அந்தத் தட்டை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நிறைவான முடிவு என்று போட்டிருக்கிறதே, எங்கே அது என்று தோன்றியது. அக்கா சொல்லிக்கொடுத்த பழக்கத்தில் வேதப் புத்தகத்தை எடுத்து அந்த அதிகாரத்தை முதலிலிருந்து படித்தேன். தட்டில் இருந்த வசனத்துக்கு மூன்று வசனம் மேலே, உன் பிள்ளைகள் பாவம் செய்தார்கள், அதனால்தான் கடவுள் அவர்களை அதற்கு ஒப்புக்கொடுத்தார் என்கிற பொருளில் இருந்தது. பிள்ளைகளை இழந்த ஒரு தகப்பனிடம் சொல்வது. இத்தனை நாள் என் சுவரில் இதைத்தான் மாட்டி வைத்திருந்தேனா? ஊரார் வெளியே போய்ப் பேசியதையே கடவுளும் சொல்கிறாரா?

புத்தகத்தை மூடாமல் கையில் தூக்கிக்கொண்டே அக்கா வீட்டுக்கு ஓடினேன். வசனத்தைக் காட்டினேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை, மனப்பாடமாகத் தெரிந்திருந்தது. என்னை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். பிறகு ஒவ்வொரு புத்தகமாக எடுத்து என் முன்னால் திறந்து வைத்தார். தமிழில் இருந்ததை என்னையே வாசிக்கச் சொன்னார். இங்கிலீஷில் இருந்ததை விரல் வைத்துச் சொல்லிக்கொண்டே வந்தார். எல்லா உரைக்காரர்களும் பல விஷயங்களில் மாறுபட்டார்கள். ஒன்றில் மட்டும் மாறுபாடு இல்லை. அதைச் சொன்னது கடவுள் இல்லை, யோபுவைத் தேற்ற வந்த சிநேகிதன். கடைசி அதிகாரத்தில் கடவுள் அந்த மூன்று சிநேகிதர்கள்மேலும் கோபப்படுகிறார். என்னைப் பற்றி நீங்கள் பேசியது சரியில்லை என்கிறார்.

"வந்தப்ப அவங்க நல்லாத்தான் இருந்தாங்க" என்றார் அக்கா. "ஏழு நாளு அவனோட தரையில உக்காந்திருந்தாங்க, ஒரு வார்த்த பேசல. அதப் பாத்துத்தான் யூதருங்க, எழவு வூட்டுல அழறவங்க வாயத் தொறக்கறதுக்கு முன்னாடி நாம பேசக்கூடாதுன்னு வெச்சுக்கிட்டாங்க. பேச ஆரம்பிச்சதும்தான் கெட்டுது."

அப்போதுதான் அவர் ஏழு நாள் உட்கார்ந்திருந்தது எனக்கு விளங்கியது. அவர் மடியில் விழுந்து அழுதேன். மகன் போன பிறகு அப்படி நான் அழுதது அன்றுதான். அழுகை நின்ற பிறகு ஒன்று தோன்றியது.

"அப்ப தட்டுல இருக்கற நல்ல வசனம்?"

"அதுவும் அவன் சொன்னதுதான்."

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமாக்கா?"

"தெரியும்."

"எல்லார்கிட்டயும் சொல்றீங்க. என்கிட்ட ஏன் சொல்லல?"

அவர் புத்தகத்தை மூடினார். "ஆணி நேரா இருக்குதான்னு உன் பையன் என்னத்தான் கேட்டான். நேரா இருக்குதுன்னு சொன்னேன். அவன் மொகத்தப் பாத்துட்டு அதுக்கு மேல சொல்ல முடியல."

இன்று யோசித்தால் அந்தப் பதிலில் ஒரு குற்றமும் இல்லை. அன்று எனக்கு அப்படி இல்லை. எல்லோரிடமும் கறாராக இருந்தவர் என்னை மட்டும் ஏமாற விட்டுவிட்டார் என்று நினைத்தேன். எழுந்து வந்துவிட்டேன். தட்டைக் கழற்றிப் பழைய துணி மூட்டைக்குள் போட்டேன். அதன் பிறகு மாதக்கணக்கில் அவரோடு பேசவில்லை. யூனிட்டில் எதிரெதிரே நடப்போம். அவர் தட்டிப் பார்த்து அனுப்பிய சாமானை நான் வைக்கோல் வைத்துப் பெட்டியில் அடுக்குவேன். அவர் பேச முயன்றதில்லை. நான் வாய் திறக்கக் காத்திருந்தார் என்று நினைக்கிறேன். நான் திறக்கவில்லை.

மகனுடைய வருஷ நினைவுக்கு ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஜெபம் செய்யக் கேட்டிருந்தோம். நானும் என் கணவரும் முன் வரிசையில் இருந்தோம். அப்போதைய ஐயர் வயதில் சின்னவர், நன்றாகப் பேசுவார். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். இளைஞர்கள் குடிக்கிறார்களே என்ற கவலை அவருக்கு உண்மையாகவே இருந்தது. சில மரணங்கள் சபைக்கு எச்சரிக்கை என்று ஆரம்பித்தார். பெற்றவர்கள் கண்டிக்காததைக் கடவுள் கண்டிப்பார் என்றார். பிறகு அந்த வசனத்தை வாசித்தார். உன் பிள்ளைகள் பாவம் செய்தார்கள் என்கிற அதே வசனம்.

பின்னாலிருந்து பெஞ்சு நகர்கிற சத்தம் கேட்டது. அக்கா எழுந்து நின்றிருந்தார்.

"ஐயரே, இது ஆண்டவர் சொன்னது இல்லீங்க. யோபோட கூட்டாளி சொன்னது. அவன் பேசினது தப்புன்னு ஆண்டவரே கடைசி அதிகாரத்துல சொல்றாரு. அதயும் வாசிச்சுடுங்க."

எங்கள் சர்ச்சில் பிரசங்கத்துக்கு நடுவில் யாரும் பேசியது கிடையாது. ஐயர் பொறுமையாகவே, ஆராதனை முடிந்து பேசிக்கொள்ளலாம், உட்காருங்கள் என்றார்.

"வாசிச்சுட்டீங்கன்னா உக்காந்துடறேன்."

ஐயர் ஒரு பாட்டு எண்ணைச் சொன்னார். பாட்டுக்கு எல்லோரும் எழுந்து நிற்கவேண்டும், நின்றோம். எல்லோரும் நிற்கும்போது அவர் நிற்பது தெரியாமல் போய்விட்டது. பாட்டு முடிந்து எல்லோரும் உட்கார்ந்தோம். அவர் மட்டும் உட்காரவில்லை. அந்தக் காலோடு, முன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். யாரும் பார்க்கவில்லை என்பதுபோல எல்லோரும் பார்த்தார்கள். நான் மெதுவாகத் திரும்பினேன். அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், எழுந்து நின்றால்கூடப் போதும். பெற்றவள் நின்றால் அந்தப் பிரசங்கம் அதற்கு மேல் போயிருக்காது. என் கணவர் என் கையைப் பிடித்து அழுத்தினார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஆசீர்வாதம் சொல்லி முடிக்கிறவரை நிமிரவில்லை. அவர் அதுவரை நின்றார் என்று பிறகு சொன்னார்கள்.

சபைக் கமிட்டி கூடியது. சனிக்கிழமை வகுப்பு நின்றது. சபை முன்னால் மன்னிப்புக் கேட்டால்தான் திருவிருந்தில் அப்பமும் ரசமும் என்று சொல்லிவிட்டார்கள். நடுவில் எழுந்ததற்கு மன்னிப்புக் கேட்கிறேன், சொன்னதற்குக் கேட்க முடியாது என்று இவர் எழுதிக் கொடுத்தார். அப்படிப் பிரித்துக் கேட்பதை அவர்கள் ஏற்கவில்லை. அதிலிருந்து அவர் சர்ச்சுக்கு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் தெருவைக் கடந்துதான் நாங்கள் போவோம். கதவு திறந்திருக்கும், ஜன்னலோரம் குனிந்து படித்துக்கொண்டிருப்பார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நடப்பேன். அப்படியே இரண்டு வருஷம் போனது.

பிறகு அவருக்கு நல்ல காலும் முட்டி தேய்ந்து நிற்க முடியாமல் ஆனது. வேலையை விட்டார். சேத்தியாத்தோப்பில் தங்கை வீட்டோடு போகிறார் என்று யூனிட்டில் சொன்னார்கள். அங்கே போய் அடுத்து வந்த மழைக்காலத்திலேயே இறந்துபோனார். அடக்கம் முடிந்து மூன்று நாள் கழித்துத்தான் எனக்குச் செய்தி வந்தது. எந்த ஐயர் வந்து ஜெபம் செய்தார், யாராவது செய்தார்களா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் கூச்சமாக இருந்தது.

நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது, அவர் ஊரைவிட்டுப் போன அன்று பஸ் ஸ்டாண்டில். முதலாளியிடம் ஒரு மணி நேரம் பர்மிஷன் கேட்டுக்கொண்டு போனேன். தங்கை மகன் மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்தான். அக்கா சிமெண்டு பெஞ்சில் கம்பை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். ரொம்ப மெலிந்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்தேன். வெயில் சுள்ளென்று அடித்தது.

"அன்னிக்கு நான் எழுந்து நின்னிருக்கணும்க்கா" என்றேன்.

அவர் என் பக்கம் திரும்பினார். "நின்னிருந்தா என்னா ஆயிருக்கும்? பையன் குடிச்சானா இல்லியான்னு உன் வாயாலயே கேட்டு வாங்கியிருப்பாங்க. ஊரு முழுக்க அதத்தான் பேசியிருக்கும். நீ குனிஞ்சுக்கிட்டியே, அதான் சரி. குனிஞ்சுக்கோன்னு சொல்லத்தான் நான் உன்னப் பாத்தேன்."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் பார்வையை மாற்றிக்கொள்ளவில்லை. இருபது வருஷம் பழகியதில், தனக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோல ஒருவரிடமும் அவர் சொல்லி நான் கேட்டதில்லை. அன்று சர்ச்சில் அவர் என்னைப் பார்த்த பார்வை எனக்குத் தெரியும். அது குனியச் சொன்ன பார்வை இல்லை. அவருக்கும் அது தெரியும்.

"சரிக்கா" என்றேன்.